ஏ முந்தியா, ஐ முந்தியா

என் தம்பி பால் பண்ணை தொடங்கிய அன்று காலை, போர்டின் மேல் மூடியிருந்த வேட்டியை அவனே உருவினான். நான் கீழே சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன். இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஃபிளெக்ஸ் போர்டு அது. மேலே மலையாளத்தில் ஒரு வரி, கீழே தமிழில் ஒரு வரி, நடுவில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இங்கிலீஷில் ஒரு வரி. பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளை மாட்டின் படம்.

மலையாளம் சரியாக இருந்தது. தமிழும் சரி. இங்கிலீஷ் வரியில் முதலில் அவன் மகளின் பெயர் இருந்தது, அதுவும் சரி. அதையடுத்து பால் பண்ணையைக் குறிக்கும் டெய்ரி என்ற சொல் வர வேண்டும். அந்த இடத்தில் நாட்குறிப்பு எழுதுகிற டைரி நீல எழுத்தில் நின்றது. டி-க்குப் பிறகு ஏ வந்து, அப்புறம் ஐ வந்தால் பால். ஐ முந்திக்கொண்டால் நாட்குறிப்பு. இங்கே ஐ முந்திக்கொண்டிருந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நான் ஓர் இங்கிலீஷ் டீச்சர். பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் வீட்டில் கொங்குத் தமிழ் பேசுவார்கள், பஸ்ஸிலும் கடையிலும் மலையாளம் பேசுவார்கள், என் வகுப்பில் பேசாமல் இருப்பார்கள். எழுத மட்டும் எழுதுவார்கள். அவர்கள் எழுதியதைச் சிவப்பு மசியால் வட்டம் போட்டு வட்டம் போட்டு என் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. தலையைக் குனிந்து வேலை செய்யக் கூடாது என்கிறார் டாக்டர். விடைத்தாளை விட்டத்தில் ஒட்டிவைத்தா திருத்த முடியும்?

இந்த வேலையில் ஒரு தொந்தரவு உண்டு. பள்ளி மணி அடித்த பிறகும் கண் ஓயாது. பஸ்ஸின் பின்கண்ணாடி, ஓட்டல் மெனு, கல்யாணப் பத்திரிகை, மருந்துக்கடைப் பெயர்ப்பலகை என்று எதைப் பார்த்தாலும் தப்புதான் முதலில் கண்ணில் விழும். முன்பெல்லாம் சொல்லிவிடுவேன். சொன்னால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். இப்போது சொல்வதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற அலுப்புதான் காரணம்.

தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். சின்ன வயதில் அவனுக்கு டிக்டேஷன் போடும் வேலையை அப்பா என்னிடம் விட்டிருந்தார். நான் வாசிப்பேன், அவன் சிலேட்டில் எழுதுவான், அப்பா வந்து சிலேட்டை வாங்கிப் பார்ப்பார். ஒவ்வொரு தப்புக்கும் ஓர் அடி. எங்கள் இரண்டு பேருக்குமே பிடிக்காத ஏற்பாடு அது. அவன் பத்தாம் வகுப்பு முடியும் முன்னே கோயமுத்தூருக்கு ஓடிப்போய் ஒரு பம்புசெட் பட்டறையில் சேர்ந்துகொண்டான். வார்ப்பு வேலை. அதிலேயே வயதாகி, முதுகு போய், போன வருடம்தான் ஊருக்குத் திரும்பினான்.

அவன் மனைவி எப்போதும் மாடு வைத்திருப்பவள். கூட இன்னும் சில மாடு சேர்த்துப் பண்ணையாகவே செய்துவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். தம்பி வேலந்தாவளம் சந்தைக்கு வாராவாரம் போய், வெயிலில் நின்று, ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கினான். மடியில் ஓடும் நரம்பைத் தடவிப் பார்த்தே அவனுக்குத் தெரிந்துவிடும். அவன் வாங்கிய மாட்டில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. கொட்டகை, சாணிக்குழி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவனே நின்று கட்டினான். அந்த போர்டும் அவனே போய் அடித்துக்கொண்டு வந்ததுதான்.

திறப்பு அன்று நான் எதுவும் சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனபோது, இன்னும் சொல்லாமல் இருந்தால் அதுவும் சரியில்லை என்று தோன்றியது. நான் இங்கிலீஷ் டீச்சர், அக்கா வேறு. நாளைக்கு வேறு யாராவது சொல்லி, தெரிந்திருந்தும் நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறேன்?

அவன் மாட்டின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, போர்டுல இங்கிலீசு எழுத்து யாரு சொல்லிக் குடுத்தது?"

அவன் நிமிரவில்லை. "ஏனுங்க்கா, என்ன தப்பு?"

நான் தப்பு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. அவனுக்கு என் குரலே போதும்.

"ஏயும் ஐயும் எடம் மாறிக் கெடக்குது. இப்ப இருக்கறது எழுதற டைரி. பால் டெய்ரிக்கு ஏ முன்னால வரோணும்."

"பக்கத்துலயே மாட்டுப் படம் போட்டிருக்குதுங்கல்ல. மாட்டப் பாத்துட்டு யாராச்சும் நோட்டுப் பொஸ்தகம் கேட்டு வருவாங்களா?"

"வர மாட்டாங்க."

"அப்புறம் என்னுங்க்கா."

துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். கோபமே இல்லாமல் சொன்னான். "அக்கா, எனக்கே தல நரச்சுப் போச்சு. இன்னும் செவப்பு மசிய எடுத்துட்டு வராதீங்க."

அது என்னைக் குத்தவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். உண்மையில் எனக்கு ஆசுவாசமாக இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, அவன் வேண்டாம் என்றுவிட்டான். இனி அந்த போர்டு என் பொறுப்பு இல்லை. கிளம்பும்போது அவன் மனைவி தூக்குவாளியில் பால் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"உங்களக் கேட்டுட்டு அடிக்கலாம்னு நான் அன்னைக்கே சொன்னனுங்க அண்ணி. இந்த ஒண்ணாச்சும் நானா பண்றேன்னு சொல்லிட்டாருங்க."

பஸ்ஸில் வரும்போது அவன் மேல் எந்தக் குற்றமும் எனக்குத் தோன்றவில்லை. இந்த இரண்டு சொல்லையும் எங்கள் பக்கத்தில் யாரும் வேறு வேறாக உச்சரிப்பதில்லை. நாட்குறிப்பும் டைரிதான், பால் பண்ணையும் டைரிதான். மலையாளத்துக்காரர்களும் இரண்டையும் டயரி என்றே சொல்வார்கள். வாயில் ஒன்றாக இருப்பதைக் கையில் மட்டும் இரண்டாக எழுது என்றால் எப்படி வரும்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஏ என்ற எழுத்து பல சொற்களில் ஆ என்றுதான் ஒலிக்கும். தமிழில் ஆ என்றால் பசு. ஆகவே டி-க்குப் பக்கத்தில் ஆ நின்றால் அது பால். ஐ என்றால் இங்கிலீஷில் நான். நாட்குறிப்பில் நான்தானே முதலில் வருவேன்? ஆகவே டி-க்குப் பக்கத்தில் ஐ நின்றால் அது நாட்குறிப்பு. கரும்பலகையில் ஒரு மாடும் ஒரு மனுஷனும் வரைந்து இதைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். பரீட்சையில் பாதிப் பேர் மாற்றித்தான் எழுதுவார்கள். ஏன் என்று கேட்டால், "டீச்சர், மாடும் மனுஷனும் ஞாபகம் இருந்துச்சு, எது எதுக்குன்னு மறந்துருச்சு" என்பார்கள். சில வருடங்களாக மாடு வரைவதையும் விட்டுவிட்டேன்.

காற்றுக்காலம் ஆரம்பித்திருந்த சமயம். மலை இடைவெளி வழியாக வருகிற காற்றுக்கு எங்கள் பக்கத்தில் தென்னை ஒரு பக்கமாகவே சாய்ந்து கிடக்கும். மதியச் சாப்பாட்டுக்கு ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தேன். பாலக்காடு டவுனிலிருந்து தினமும் வரும் இளம் டீச்சர் ஒருத்தி, செல்போனைப் பார்த்துச் சிரித்தபடி என் பக்கம் நீட்டினாள்.

"டீச்சரே, இது நோக்கூ."

பஸ் ஜன்னலிலிருந்து எடுத்த படம். கொஞ்சம் சாய்ந்திருந்தது. தம்பியின் போர்டு, பக்கத்தில் தம்பியின் வைக்கோல் போர், மூலையில் தம்பி மனைவியின் முதுகு. இங்கிலீஷ் ஆசிரியர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன், ஆனால் பார்ப்பதில்லை. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அந்தப் பசு தினமும் என்னதான் எழுதுகிறதோ என்று ஒருவர் கேட்டிருந்தார். அது நன்றாகத்தான் இருந்தது, எனக்கே சிரிப்பு வந்தது. அதற்குக் கீழே இன்னொருவர், அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் என்று யாரும் இல்லையா என்று கேட்டிருந்தார். அதற்கும் நிறையச் சிரிப்புப் பொம்மைகள்.

"இது என் தம்பியோட பண்ணை" என்றேன்.

அவள் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் போட்ட படம் இல்லை அது. "அய்யோ டீச்சரே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்ல, சாப்பிடு" என்றேன். நானும் சாப்பிட்டேன். அன்றைக்குக் கத்திரிக்காய்ப் பொரியல், உப்பு கூடிப்போயிருந்தது. பிற்பகல் வகுப்பில் மட்டும் என்னால் நின்றுகொண்டு பாடம் நடத்த முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளை வாசிக்கச் சொன்னேன்.

குழுவில் அந்தப் படத்தை அழித்துவிட்டார்கள். ஆனால் படம், கீழே எழுதியிருந்த கிண்டலோடு சேர்ந்து, அதற்குள் வேறு வேறு குழுக்களுக்குப் போயிருந்தது. சொந்தக்காரர்கள் குழுவுக்கும் வந்தது. தம்பி மனைவியின் போனுக்கும் வந்திருக்கும். எப்போதும் காலையில் ஒருமுறை கூப்பிடுகிற தம்பி, அந்த வாரம் முழுக்கக் கூப்பிடவில்லை.

பிறகு ஒரு நாள் கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு எடத்துக்கு வரோணுங்களே. பஞ்சாயத்து ஆபீசு வரைக்கும்."

அவன் குரலிலேயே தெரிந்தது, கேட்கப் பிடிக்காமல் கேட்கிறான் என்று.

நடந்தது இதுதான். கொல்லங்கோடு பக்கம் ஓர் ஓட்டல்காரர் தினமும் பால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பண்ணைக்கு அது பெரிய விஷயம். லைசன்ஸ் நகல் ஒன்று வேண்டும் என்று அவர் கேட்க, தம்பி கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, "நீங்க பால் விக்கறீங்களா, பேனா விக்கறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். லைசன்ஸில் பண்ணையின் பெயருக்குக் கீழே, புத்தகம் மற்றும் எழுதுபொருள் வியாபாரம் என்று இருந்தது.

லைசன்ஸ் கேட்கும் அபேட்சையை ஆன்லைனில் போட்டுக்கொடுத்தது பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. தம்பி போனிலிருந்த போர்டுப் படத்தைக் காட்டி, இதுதான் பேர் என்றிருக்கிறான். அங்கே இருந்தவர் பெயரை அப்படியே அடித்துவிட்டு, என்ன தொழில் என்ற இடத்தில் பெயரைப் பார்த்துப் பொருத்தமானதைத் தட்டிவிட்டார். மாட்டைப் பார்த்துவிட்டு யாராவது நோட்டுப் புத்தகம் கேட்டு வருவார்களா என்று கேட்டானே, வந்துவிட்டார்கள்.

நான் அரைநாள் லீவு போட்டேன். தம்பி பைக்கில் வந்து ஏற்றிக்கொண்டான்.

ஆபீசில் கரண்ட் இல்லை. லைசன்ஸ் பிரிவைப் பார்க்கிற அதிகாரி என் வயதுப் பெண்மணி. காற்றுக்கு ஒரு ஃபைல் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். லைசன்ஸை வாங்கிப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பள்ளிக்கூட டீச்சர் என்று சொன்னதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஞான் எந்து செய்யானா டீச்சரே? பேரு டயரி. டயரி என்னு பறஞ்சால் புக்ஸ்டால் அல்லே?"

பெயரே டைரி என்று இருந்தால் புத்தகக் கடை என்று நினைக்காமல் நான் என்ன செய்வேன் என்கிறார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. இரண்டு வழி இருக்கிறது என்று மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். ஒன்று, பெயரைத் திருத்துவது. ஆனால் இந்தப் பெயரில் வேறு என்னென்ன வாங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். தம்பி ஒவ்வொன்றாகச் சொன்னான். கரண்ட் கனெக்‌ஷன், பேங்க் பாஸ்புக், மாட்டு இன்சூரன்ஸ், பால் விற்பதற்கான இன்னொரு பதிவு. எல்லாவற்றையும் போர்டைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறான். எல்லாவற்றிலும் ஐ முந்தியிருந்தது. பெயரைத் திருத்தினால் அத்தனையையும் திருத்த வேண்டும், ஒவ்வோர் ஆபீசிலும் தனி அபேட்சை, அதுவரை இந்த லைசன்ஸ் செல்லாது என்றார்.

இன்னொரு வழி, பெயரைத் தொடாமல் தொழிலை மட்டும் மாற்றுவது. பெயர் இப்படித்தான், வேண்டுமென்றே வைத்தது, எழுத்துப் பிழை இல்லை, செய்வது பால் வியாபாரம் என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும். நேரில் வந்து பார்த்துவிட்டுப் போட்டுக்கொடுத்துவிடுவேன் என்றார்.

"பேரு பேரல்லே டீச்சரே. பேரினு அர்த்தம் வேணோ?"

பெயருக்கு அர்த்தம் வேண்டுமா என்ன? எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது.

தம்பி குறுக்கிட்டான். "இல்லைங்க மேடம். தப்பு தப்புத்தானுங்க. மாத்திப் போடலாம். எத்தன ஆபீசு ஏறோணுமோ ஏறறனுங்க."

நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. அவன் என்னைப் பார்க்காமல் மேஜை மேலிருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நாள் ஆகும் மேடம்?" என்று கேட்டேன்.

அவர் சுற்றாத ஃபேனை அண்ணாந்து பார்த்தார். அதுதான் பதில். ஓட்டல்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். மாடுகள் காத்திருக்காது. சனி ஞாயிறு பார்க்காமல் காலையும் மாலையும் கறந்தே ஆக வேண்டும்.

"ஒரு வெள்ளக் காகிதம் குடுங்க" என்றேன்.

இங்கிலீஷில்தான் எழுதினேன். மலையாளத்தில் எழுதினாலும் வாங்கிக்கொண்டிருப்பார்கள், ஆனால் என் மலையாள எழுத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. மேற்படி நிறுவனத்தின் பெயர் எழுத்துப் பிழை அல்ல, உரிமையாளர் தெரிந்தே, விரும்பியே அவ்வாறு வைத்துள்ளார் என்று எழுதினேன். அந்தப் பெயரைக் கடிதத்தில் எழுத வேண்டிய இடம் வந்தபோது பேனா நின்றுவிட்டது. எது தப்பானது, எது சரியானது என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. இரண்டையும் அத்தனை விடைத்தாள்களில் அத்தனை முறை பார்த்துப் பார்த்து, இரண்டுமே சரி போலவும் இரண்டுமே தப்பு போலவும் இருந்தது. ஆ என்றால் பசு. ஐ என்றால் நான். பசு வேண்டாம், நான் வேண்டும். அப்படிச் சொல்லிக்கொண்டே தப்பான எழுத்தைத் தப்பு இல்லாமல் எழுதி முடித்தேன்.

தம்பி தமிழில் கையெழுத்துப் போட்டான். அதிகாரி கடிதத்தை முழுக்கப் படித்தார்.

"நல்ல இங்கிலீஷ்" என்றார். "நாளைக்கு அந்த வழியே வரேன். போர்டும் பேப்பரும் ஒத்துப் போகணும், கேட்டோ."

வெளியே வந்து பைக்கில் ஏறியதும் தம்பி வண்டியைக் கிளப்பாமல் நின்றான்.

"அக்கா, போர்ட நேத்தே கழட்டிட்டனுங்க."

"ஏண்டா?"

வண்டியைக் கிளப்பினான். ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் காடு வருகிற இடத்தில், காற்று தள்ளிய தள்ளலில் வண்டியை மெதுவாக்கிக்கொண்டு பேசினான். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பது அவனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"உங்களப் பத்தி என்னமோ எழுதியிருந்தாங்களாமா போன்ல. அந்த ஊருக்கு டீச்சரே இல்லையான்னு."

"யாரோ வேல இல்லாம எழுதறதுக்கு நீ எதுக்குடா கழட்டற?"

"என்னையச் சொல்லட்டுமுங்க. நான் சின்னதுல இருந்து கேட்டு வளந்தவன். எழுதுனது நானு, உங்கள எதுக்குங்க்கா சொல்லோணும்?"

அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. காற்றில் மண் பறந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு சாக்கு இருந்தது. நன்றி என்றோ பரவாயில்லை என்றோ சொல்லிப் பழக்கப்பட்ட வீடு இல்லை எங்களுடையது. கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னேன்.

"இப்ப அதத் திருப்பி மாட்டோணுமேடா. நாளைக்கு அந்தம்மா வந்து பாக்கும்."

அவன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டான். தோள் குலுங்கியது. முதலில் பயந்துவிட்டேன், பிறகுதான் சிரிக்கிறான் என்று தெரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. எதிரே டிராக்டரில் வந்தவர் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

போர்டு வைக்கோல் போருக்குப் பின்னால் குப்புறக் கிடந்தது. ஒரு மூலையை ஏதோ ஒரு மாடு மென்று வைத்திருந்தது. தம்பி மனைவி தண்ணீர் ஊற்றித் துணியால் துடைத்தாள். அந்த நீல எழுத்தைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டே, "இத்தன கஷ்டப்பட்டுத் தப்ப மாட்டறது நம்ம ஊட்டுல மட்டுந்தானுங்க அண்ணி இருக்கும்" என்றாள்.

காற்று விடவில்லை. ஃபிளெக்ஸ் மாட்டு வயிறு போல உப்பிக்கொண்டு சட்டத்தையே தூக்கியது. தம்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினான். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நான் கீழ் மூலையில் கட்டியிருந்த கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன். அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலித்தது.

"அக்கா, நேரா இருக்குதுங்களா?" மேலிருந்து கத்தினான்.

"வலது பக்கம் கொஞ்சம் ஏத்து."

"இப்ப?"

"இப்பச் சரி."

சரி என்று சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். ஏணியிலிருந்து குனிந்து என்னைப் பார்த்தான்.

மறுநாளும் லீவு சொன்னேன். அதிகாரி காலையிலேயே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகை முழுக்க நடந்தார். சாணிக்குழியைப் பார்த்தார், தண்ணீர் போகும் வழியைப் பார்த்தார். ஒரு மாடு அவர் கைப்பையை நக்கியது, அவர் அதை ஒன்றும் செய்யவில்லை. போர்டுக்கு எதிரே நின்று போனில் படம் எடுத்துக்கொண்டார். காப்பி கொடுத்ததும் கொட்டகைக் கல்லிலேயே உட்கார்ந்து குடித்தார். குடித்து முடித்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"டீச்சரே, சத்தியம் பறயூ. எதாணு சரி?"

எது சரி என்று சொன்னேன். ஆ, பசு என்றும் சொன்னேன். மலையாளத்திலும் பழைய பேச்சில் பசுவுக்கு ஆ உண்டு என்பதால் அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. விரலால் காற்றில் ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

லைசன்ஸ் பிறகு ஒழுங்காகவே வந்தது. பெயர் அப்படியே, தொழில் மட்டும் மாறி. ஓட்டல்காரரும் பால் எடுக்க ஆரம்பித்தார். அந்தப் படம் இன்னும் எப்போதாவது ஏதாவது ஒரு குழுவில் வந்துகொண்டுதான் இருக்கிறது. என் வகுப்பில் ஒரு பெண் அதே தப்பை எழுதியபோது வழக்கம் போல வட்டம் போட்டேன். அவள் போர்டைப் பார்த்துதான் எழுதினாள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு, அதிகாரியின் ஸ்கூட்டர் சத்தம் அடங்கியதும், கொட்டகை ஓரத்தில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் சும்மா உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் எப்போது சாய்ந்தேன் என்று தெரியவில்லை. பகலில் தூங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. மாடுகள் அசை போடுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. என் மேல் ஒரு சேலை போர்த்தியிருந்தது. தம்பி மாலைக் கறவைக்கு உட்கார்ந்திருந்தான். வாளியில் பால் விழுகிற சத்தம் கேட்காமலிருக்க ஓரமாக, மெதுவாகக் கறந்துகொண்டிருந்தான். ஒரு மாடு கத்த வாயெடுத்தபோது அதன் தாடையைத் தட்டி அடக்கினான்.

"மணி என்னடா ஆச்சு?"

"நீங்க தூங்குங்க்கா. ஸ்கூலுக்குத்தான் சொல்லியாச்சல்லோ."

எழுந்து போக வேண்டும் என்று நினைத்தேன். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.